சந்தனப் பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் வீட்டில், சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலையில் ஆரம்பித்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். கீழே நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி கத்திக் கத்தியே அவருக்குக் குரல் கனத்துப்போயிருந்தது. அவர் ஓய்வு பெற்ற வருடம், சிவன் கோவிலில் பழக்கமான ஓர் ஆசிரியர் ஓர் உதவி கேட்டார். கண் பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தர ஆள் வேண்டும், உங்கள் குரல் நிறுத்தி நிதானமாக இருக்கிறதே, நீங்கள் செய்யக்கூடாதா என்றார்.

அன்று பிடித்ததை அவர் ஆறு வருடம் விடவில்லை. காலை ஐந்து மணிக்குக் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு, மகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு பாடம் முடித்துவிட வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ், வரலாறு, புவியியல் என்று வரிசையாக வாசித்தார். வேண்டுமென்கிறவர்கள் தபாலில் மெமரி கார்டு அனுப்புவார்கள். அதில் ஏற்றித் திருப்பி அனுப்புவார். யாருக்கு எதை அனுப்பினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்களேன் என்று நான் சொன்னதுண்டு. "கேட்டாவ, குடுத்தேன். அதுக்கு எதுக்குளா நோட்டு?" என்று விட்டுவிட்டார்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். செந்தூர் முருகன் புண்ணியத்தில் உயிர் தங்கியது. குரல் தங்கவில்லை. பக்கத்தில் காதைக் கொண்டுபோனால் காற்று மாதிரி ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். வீட்டில் ஒரு சிலேட்டு வாங்கி வைத்தோம். அவர் பேச்செல்லாம் அதில்தான்.

வாசிக்க முடியாவிட்டாலும் வாசித்து வைத்தது இருக்கிறதே என்றுதான் இருவரும் தேற்றிக்கொண்டோம். புதிதாகக் கேட்கிறவர்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தார். ஆனால் கம்ப்யூட்டர் நாளுக்கு நாள் படுத்துக்கொண்டே வந்தது. பட்டனை அமுக்கிவிட்டு நான் இட்லி ஊற்றி எடுத்துவிடுவேன், அதற்குள் அது கண் விழித்திருக்காது. கோயம்புத்தூரில் வேலையில் இருக்கும் மகன், எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்துவிட்டு கம்ப்யூட்டரை சுத்தமாக அழித்துப் புதிதாக ஏற்றினால் சரியாகிவிடும் என்றான். உள்ளங்கை அளவு கறுப்பு டிஸ்க் ஒன்றை வாங்கி அனுப்பினான்.

அந்தப் பேக்கப் எடுத்த மூன்று நாளை நான் மறக்க மாட்டேன். எங்கள் ஊர் உப்புக் காற்றில் எந்த இரும்பும் ஒழுங்காக இருக்காது. கம்ப்யூட்டரில் வயர் சொருகுகிற இடம் துருப்பிடித்து, வயரை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் டிஸ்க் தெரியும். அதற்கு ஒரு தீப்பெட்டியை முட்டுக் கொடுத்தோம். இன்னும் இரண்டு மணி நேரம் என்று காட்டும். அரை மணி கழித்துப் பார்த்தால் ஒன்பது மணி நேரம் என்று காட்டும். நடுவில் கரண்ட் போகும், மறுபடி முதலிலிருந்து. திடீரென்று இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்து ஏதோ கேட்கும். அவருக்குப் போனில் பேசக் குரல் இல்லை. அவர் சிலேட்டில் எழுத, அதை நான் மகனுக்குப் போனில் வாசிக்க, அவன் சொல்வதை நான் திருப்பி இவருக்குச் சொல்ல வேண்டும்.

"அம்மா, ஸ்கிப்னு இருக்கா, ரீப்ளேஸ்னு இருக்கா?"

"ரெண்டும் இருக்குல."

"அப்பா எத அமுக்குனாவ?"

"அப்பா ஒண்ணும் அமுக்கல. நான்தான் துடைக்கையில கை பட்டுட்டு."

மகன் அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது.

மூன்றாம் நாள் ஒருவழியாக முடிந்தது. டிஸ்கிலிருந்து ஒரு பாடத்தைத் திறந்து பார்த்தார். அவர் குரல் கணீரென்று வந்தது. தலையை ஆட்டினார். பூஜைக்கு முந்தின நாள் கம்ப்யூட்டர் கடைத் தம்பி வீட்டுக்கு வந்தார். "அக்கா, எல்லாம் எடுத்தாச்சா? அழிச்சிட்டா திரும்ப வராது. டிஸ்க் தவிர வேற எங்கயும் ஒரு காப்பி இருக்கா?" என்று கேட்டார். காப்பி எடுத்த டிஸ்க்தான் கையில் இருக்கிறதே, வேறு எதற்கு என்று நினைத்து, "இருக்கு தம்பி, நீங்க செய்ங்க" என்றேன். அவர் அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் பூஜை. புத்தகங்கள், தராசு, அரிவாள்மணை, அவருடைய துறைமுகத்து ஹெல்மெட் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கினேன். அந்த டிஸ்கைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தேன். ஆறு வருடப் படிப்பு அதற்குள் இருக்கிறது, சரஸ்வதியே அதற்குள்தான் இருக்கிறாள் என்று என் மனதில் பட்டது. கல்லில் சந்தனம் உரசி, கெட்டியாக எடுத்துப் பொட்டு வைத்தேன். மேல்பக்கம் வழவழவென்று இருந்ததால் பொட்டு வழுக்கிக்கொண்டே வந்தது. குறுகின பக்கத்தில் வாய் மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. அங்கே வைத்தேன், அழகாகப் பிடித்துக்கொண்டது. அதன் மேல் குங்குமமும் ஒரு பிச்சிப்பூவும். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது அல்லவா, விஜயதசமி காலை வரை அப்படியே இருந்தது.

காலையில் புதுப்படிப்பு தொடங்குவது போல இவர் ஆசையாக உட்கார்ந்தார். நான் பூவை எடுத்து, வெளியில் தெரிந்த சந்தனத்தைத் துடைத்துக் கொடுத்தேன். வயரைச் சொருகினார். டிக் என்று ஒரு சத்தம். சின்ன விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. கருகின வாடை வந்தது.

கடைத் தம்பி டிஸ்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓர் ஊசியால், வயர் சொருகுகிற அந்தப் பள்ளத்தைச் சுரண்டினார். "அக்கா, இதுக்குள்ள என்ன இது, சந்தனமா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பள்ளத்துக்குள் காயாமலிருந்த ஈரச் சந்தனத்தில் கரண்ட் பாய்ந்து உள்ளே இருந்த பலகை கருகிவிட்டது என்றார். மெட்ராஸில் தெரிந்தவர்களுக்கு அனுப்பிப் பார்த்தார், திறக்க முடியவில்லை என்று திரும்பி வந்தது. தான் அழித்த கம்ப்யூட்டரிலும் இரண்டு நாள் தேடினார். பாடங்களின் பெயர் வரும், திறந்தால் கரகரவென்று இரைச்சல்தான்.

என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிலேட்டில் "விடு" என்று எழுதிக் காட்டினார். ஆனால் மறுவாரம் ஒரு காலையில் நான் காப்பி கொண்டுபோனபோது, அவர் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு மைக்கில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, காற்றுதான் வருகிறது. அவர் என்னைப் பார்க்கும் முன்னால் நான் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். போன குரலை யாராலும் திருப்பித் தர முடியாது. அது மிச்சமிருந்த ஒரே இடத்தையும் நான் என் கையால் அடைத்துக் கருக்கிவிட்டேன். விளக்கு ஏற்றினேன், நிமிர்ந்து படத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உடன்குடியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவள் அப்பா அங்கே கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறார். பிறவியிலேயே அவளுக்குப் பார்வை கிடையாது. முப்பதைத் தாண்டியவள், அரசுப் பரீட்சைக்குப் படிக்கிறாள், இவரிடம் நிறையப் பாடம் வாங்கிக் கேட்டவள். வாய்த் துடுக்கு அதிகம். இவர் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி அக்பரக் கூட கப்பல்ல இருந்து எறக்குத மாதிரில்லா வாசிக்காவ" என்று என்னிடம் கேலி செய்தவள்.

"மதினி, என் போனு தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்துட்டு. கார்டும் போச்சு, பாடம் எல்லாம் போச்சு. அண்ணாச்சிட்ட சொல்லி மறுபடி ஏத்தித் தரணும்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மகனிடம்கூட முழுதாகச் சொல்லாததை, முகம் பார்த்திராத அந்தப் பெண்ணிடம் சொன்னேன். சந்தனத்தையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்:

"குங்குமமும் வச்சியளா?"

"வச்சேன்."

"அப்ப சுமங்கலியாத்தான் போயிருக்கு."

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அந்த டிஸ்க் போனதிலிருந்து அன்றுதான் சிரித்தேன். அவள் விடவில்லை. "மதினி, ஒங்க வீட்டுல மட்டுமா அது இருந்துச்சு? அண்ணாச்சி எத்தன பேருக்கு அனுப்புனாவ? அவிய எல்லாம் தின்னா தீத்திருப்பாவ? நான் கேக்கேன், பொறுங்க."

பார்வையில்லாதவர்கள் தங்களுக்குள் பேச வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அதில் அவள் பேசி அனுப்பினாள்.

நான்காம் நாள் தபாலில் ஒரு மெமரி கார்டு வந்தது, பஞ்சில் சுற்றி. மறுநாள் இரண்டு. அடுத்த வாரம் தபால்காரர், "என்ன அண்ணாச்சி, கார்டு யாவாரம் ஆரம்பிச்சிட்டியளா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. தென்காசியிலிருந்து, ராமநாதபுரத்திலிருந்து, நாங்கள் பெயர் கேட்டிராத ஊர்களிலிருந்தெல்லாம் வந்தது. இவர் ஒருவருக்கு அனுப்பினதை அவர் நாலு பேருக்குக் கொடுத்து, அந்த நாலு பேரும் இன்னும் பலருக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடைத் தம்பி ஒவ்வொன்றையும் திறந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். திறக்கும்போதெல்லாம் அந்தப் பழைய குரல் வீட்டுக்குள் கேட்கும். இவர் நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ பெரியவர் பேசுவதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒருவர் நேரில் வந்தார். கடற்கரைப் பக்கம் பரதவர் குடியிருப்பில் வலை பின்னுகிறவர், ஐம்பது வயதில் கண் போனவர். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். கையில் யாரோ பதிந்து கொடுத்த சிடிகள், ஒரு துண்டில் பொதிந்து. மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்ததாகச் சொன்னார். "எங்க மாதாவுக்கு மெழுகுதிரி மட்டுந்தான் தாயி. சந்தனம் கிந்தனம் நாங்க பூசல. அதான் தப்பிச்சிச்சு" என்றார். கடைத் தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீங்கள் என்ன பரீட்சை எழுதுகிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"எனக்கு என்ன பரீட்ச? நாலாப்பு கூடத் தாண்டல. வலை பின்னும்போது கை பாட்டுக்கு வேல பாக்கும், காது சும்மாத்தான கெடக்கு. யுத்தம் முடிஞ்ச பெறவு அந்த அசோகரு என்ன ஆனாருன்னு தெரிய வேண்டாமா?"

இவர் சிலேட்டை எடுத்தார். அதைக் கீழே வைத்துவிட்டு வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். தான் மாணவர்களுக்கு வாசிப்பதாகத்தான் ஆறு வருடம் நினைத்திருந்தார். ஒரு மனிதர் கடற்கரையில் உட்கார்ந்து வலை முடிச்சுக்கு நடுவில் அசோகருக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

கார்த்திகை முடிவதற்குள் எல்லாப் பாடமும் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. பதினொன்றாம் வகுப்புப் புவியியலில் பருவக்காற்று பற்றிய நீளமான பாடம். அதுதான் அவர் கடைசியாக வாசித்தது. தொண்டை கரகரத்து, பாதி வார்த்தை காற்றாகப் போய், நின்று நின்று வாசித்தார். இது நன்றாக வரவில்லை, குணமானதும் திருப்பி வாசித்துக்கொள்ளலாம் என்று யாருக்கும் கொடுக்காமல் வைத்தார். உடன்குடிப் பெண் மட்டும் அவசரப்படுத்தியதால், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவளுக்கு அனுப்பினார். அந்த ஒரு பிரதியும் அவளுடைய போனோடு தண்ணீர்த் தொட்டியில் போய்விட்டது.

அவளிடம் சொன்னேன். "அந்தப் பாடம் போனா போவட்டும். மத்ததெல்லாம் வந்துதே, அதுவே சாமி செஞ்ச காரியம்" என்றேன்.

"அது போவல மதினி. ஞாயித்துக்கிழம வாரேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளும் அவள் அப்பாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முதல்முறையாக அவளைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, கைநிறைய கண்ணாடி வளையல். சுவரைத் தடவிக்கொண்டே நேராக உள்ளே வந்து, கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டாள். வளையலைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தாள், பதிவில் சத்தம் வருமாம். கடைத் தம்பி மைக்கைச் சரிசெய்தார். இவர் பக்கத்தில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பாடம் எனக்கு மனப்பாடம்" என்றாள் அவள். "அண்ணாச்சி குரல் அதுல சரியா வெளங்கல. ஒவ்வொரு வரியும் என்னன்னு பிடிக்கத் திரும்பத் திரும்பப் போடணும். நாப்பது தடவ கேட்டிருப்பேன். நல்லா வாசிச்ச பாடம் எல்லாம் ரெண்டு தடவ கேட்டுட்டு மறந்துட்டேன். இது மட்டும் போவ மாட்டேங்கு."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

தென்மேற்குப் பருவக்காற்று எப்போது தொடங்குகிறது, எப்படி இரண்டாகப் பிரிகிறது, எந்த மலையில் மோதுகிறது, எங்கே எத்தனை சென்டிமீட்டர் மழை. அவள் சொல்லச் சொல்ல, இவர் விரல் புத்தகத்தில் வரி வரியாக நகர்ந்தது. ஒரு வார்த்தை பிசகவில்லை. அவர் நிறுத்தின இடத்தில் நிறுத்தினாள். அவர் இழுத்த இடத்தில் இழுத்தாள். இரண்டாம் பக்கத்தில் இவர் விரல் நின்றது. என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார், புத்தகத்தில் வேறு எண் இருந்தது. நான் மெதுவாகச் சொன்னேன்.

"புக்குல வேற இருக்கலாம் மதினி. அண்ணாச்சி அப்படித்தான் வாசிச்சாவ" என்றாள்.

அவர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு வெட்கத்தோடு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். தப்பு அவருடையதுதான்.

மூன்றாம் பக்கத்தில் அவள் சற்று நிறுத்தினாள். "இங்கன தண்ணி குடிச்சாவ" என்றாள். அடுத்து, குரலைக் கொஞ்சம் தூரத்தில் இருந்து வருவது போல மாற்றிச் சொன்னாள்:

"போதுங்க, எந்திரிச்சு வாங்க. தொண்ட கிழிஞ்சு போவுது. மிச்சத்த நாளைக்கு வாசிக்கலாம்."

அது நான். நான் அடுப்படியிலிருந்து சொன்னது. சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் அவர் அதை வெட்டி எடுக்காமலே அனுப்பியிருக்கிறார்.

அவள் நிறுத்தவில்லை. குரலைத் தாழ்த்தி, கனமாக, கரகரப்போடு சொன்னாள்:

"இந்த ஒரு பக்கம் மட்டும்ளா. அந்தப் பிள்ள காத்துக்கிட்டுல்லா இருக்கும்."

என்னைக் கூப்பிடுகிற அந்த "ளா"வை அவர் சொல்கிற மாதிரியே சொன்னாள். அந்தக் குரலில் என்னைக் கூப்பிட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் அப்பா வளையல்களைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அந்தப் பிள்ளை தான்தான் என்று தெரிந்துகொண்டே அவள் நாற்பது தடவை அதைக் கேட்டிருக்கிறாள்.

இவர் புத்தகத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. இடது கையால் மேஜையை இரண்டு முறை தட்டினார், மேலே வாசி என்று. அவள் கடைசி வரி வரை சொல்லி முடித்தாள்.

கடைத் தம்பி பதிவை நிறுத்திவிட்டு, "அந்த நடுவுல பேசினத வெட்டிரவா அண்ணாச்சி?" என்று கேட்டார். இவர் சிலேட்டை எடுத்து, வேண்டாம் என்று பெரிதாக எழுதினார். அதை வாசித்துச் சொன்னேன். "தப்பா வாசிச்ச நம்பர மட்டும் திருத்திக்கிடுவோம். இல்லன்னா பரீட்சையில நான்லா முட்ட வாங்கணும்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தோம். அந்த ஒரு வரியை மட்டும் திருப்பிச் சொன்னாள்.

இன்று அந்தப் பாடங்கள் மூன்று ஊரில் மூன்று வீட்டில் இருக்கின்றன, மகன் பார்த்துக்கொள்கிறான். பருவக்காற்றுப் பாடம் மட்டும் ஒரு பெண் குரலில் இருப்பது ஏன் என்று புதிதாக வாங்குகிறவர்கள் கேட்பதுண்டு. நான் சொல்வதுண்டு.

டிஸ்க் கருகினது தெய்வம் எனக்குக் கொடுத்த தண்டனை என்று பல நாள் நினைத்திருக்கிறேன், இப்போது அப்படித் தோன்றவில்லை. அவர் கணீரென்று வாசித்ததையெல்லாம் ஊர் ஊராகத் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது. நன்றாக வரவில்லை என்று அவர் வெட்கப்பட்டு ஒதுக்கினதோ, எந்தக் கம்பியும் கரண்டும் இல்லாமல் ஒரு பெண்ணுக்குள் மூச்சுவிட்ட இடம்கூடத் தப்பாமல் இருந்தது. நாம் குறையாகக் கொடுத்ததையும் எங்கோ ஒருவர் நாற்பது தடவை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு, யாருக்குச் செய்கிற எந்தக் காரியத்தையும் இவ்வளவுதானே என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை.